பாஸ் நடந்த வெள்ளைக்கோடு

நேற்று லிப்டில் ஒரு சின்னப் பெண் நாயோடு ஏறினாள். வெள்ளை நாய், பஞ்சு உருண்டை மாதிரி. அதன் நாலு காலிலும் சிவப்பு ரப்பரில் ஏதோ மாட்டியிருந்தது. பிறந்தநாள் பலூனைக் காற்று இறக்கி மாட்டிவிட்டதுபோல இருந்தது. யாராவது ஏறினால் நான் லிப்டின் மூலையைப் பார்த்துக்கொண்டு நிற்பவள். இந்த வயதிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஆனால் நேற்று கண் தானாகக் கீழே போய்விட்டது. அந்தப் பெண் கவனித்துவிட்டாள்.

“ஷூஸ், ஆன்ட்டி. வெளிய ரோடு ஹாட்லா,” என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். லிப்ட் முழுக்கப் புது ரப்பர் வாசனை. அந்த வாசனை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு ஜோடி, ஜோடி என்று சொல்லக்கூடாது, நாலு, சோபாவுக்கு அடியில் ரொம்ப நாள் கிடந்தது. எங்கள் பாஸ் அதை ஒரே ஒரு தடவை போட்டான்.

பாஸ் எங்கள் நாயின் பெயர். வைத்தவர் எங்கள் வீட்டுக்காரர். அவரைப் பற்றிச் சொல்லாமல் பாஸைப் பற்றிச் சொல்ல முடியாது.

அவர் சிங்கப்பூர் ரோடுகளில் கோடு போடுகிறவர். சாலையின் நடுவே வெள்ளைக்கோடு, ஓரத்தில் மஞ்சள்கோடு, கார் நிறுத்துமிடத்தில் கட்டம் கட்டமாக இருக்கிற கோடு எல்லாம். கல்யாணம் பேச வந்தபோது என் அப்பா, “மாப்பிள்ளை என்ன வேலை?” என்று கேட்டதற்கு, “கோடு போடுறேன்” என்றாராம். அப்பா ஏதோ பள்ளிக்கூடத்து வேலை என்று நினைத்துக்கொண்டார். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். படித்த மாப்பிள்ளை வருகிறார் என்று பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் உண்மை தெரிந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

லாரியிலேயே அடுப்பு வைத்து வெள்ளைப் பொடியைக் காய்ச்சுவார்கள். கூழ் மாதிரி ஆனதும் ரோட்டில் இழுத்துவிட்டு, அது காய்வதற்குள் அதன்மேல் கண்ணாடி மணியைத் தூவுவார்கள். இரவில் கார் விளக்கு பட்டால் கோடு மினுங்குவது அதனால்தான். கடுகைவிடச் சின்ன மணி. அது அவர் சட்டைப்பையில், கால்சட்டை மடிப்பில், காதுக்குள்ளே எல்லாம் இருக்கும். துணி ஊறவைத்த வாளியின் அடியில் மினுமினுவென்று தங்கியிருக்கும். சிலசமயம் சோற்றிலும் பல்லில் கடிபடும். “கண்ணாடியப் போட்டு ஆக்கி வச்சிருக்க” என்று என்னையே கேலி செய்வார்.

வயதான பிறகு அந்த வேலை போய், ஒரு கட்டடத்தில் செக்யூரிட்டி வேலைக்குப் போனார். ராத்திரி ஷிப்ட். காலையில் முடித்து, காப்பிக்கடையில் கொஞ்சம் உட்கார்ந்து, பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு வந்துசேர வெயில் உச்சிக்கு வந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் பாஸ் வந்தான். உட்லண்ட்ஸில் இருக்கிற எங்கள் மகள் லதா, தன் பிள்ளை கேட்டாள் என்று வாங்கினாள். அந்தப் பிள்ளைக்கு மூச்சிரைப்பு வந்ததும் எங்களிடம் கொண்டுவந்து விட்டாள். பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடங்கி. என்ன ஜாதி என்று பேப்பரில் ஏதோ எழுதியிருந்தது. எனக்கு நாய் என்றால் பயம். நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் சோபாவில் உட்கார்ந்து நாயைப் பார்த்தார். நாயும் அவரையே பார்த்தது.

“ராத்திரிபூரா ஒரு பாஸுக்கு சலாம் போட்டுட்டு வர்றேன். வீட்லயும் ஒரு பாஸா? வாங்க பாஸ்,” என்றார்.

அன்றிலிருந்து அவர் வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் பாஸைக் கூட்டிக்கொண்டு கீழே போவார். கார் நிறுத்துமிடத்தைத் தாண்டினால் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் அடியில்தான் பாஸ் எல்லாவற்றையும் முடிப்பான். வேறு எங்கேயும் இல்லை. வீட்டுக்குள் ஒரு சொட்டு கிடையாது. அவ்வளவு சுத்தமாகப் பழக்கிவைத்திருந்தார். நான் கூடப் போனதில்லை. கீழே நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், பேசவேண்டி வரும். ஜன்னலிலிருந்து பார்த்தால் மரத்தின் மேல்பக்கம் மட்டும் தெரியும்.

ஒருநாள் அவர் காப்பிக்கடையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காப்பி பாதி மிச்சம் இருந்ததாகச் சொன்னார்கள். அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. எல்லோரும் அழுதார்கள், நான் வந்தவர்களுக்குத் தேநீர் கலந்தேன். என்னமோ பக்கத்து வீட்டு விஷயம் மாதிரி இருந்தது. ஒருவேளை அப்புறமாக வரும் என்று காத்திருந்தேன். அழுகையைச் சொல்கிறேன்.

காத்திருந்தது பாஸும்தான். விடியற்காலையில், ரோடு குளிர்ந்து கிடக்கும்போது, நான் பயத்தை விட்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டு, “வாடா” என்று கூப்பிடுவேன். வரமாட்டான். இழுத்தால் நாலு காலையும் பரப்பிப் படுத்துவிடுவான். வாசல் கதவைப் பார்த்தபடியே கிடப்பான். வெயில் ஏறி, அவர் வரும் நேரம் ஆனதும் எழுந்து நிற்பான். லிப்ட் மணி சத்தத்துக்குக் காதைத் தூக்குவான். கதவு திறக்காது. இன்னும் கொஞ்சம் நின்றுவிட்டு, சரி நீயாவது வா என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்ப்பான். அப்போது கீழே ரோட்டில் தோசையே சுடலாம்.

அப்படித்தான் அவன் கால் வெந்தது. எனக்குத் தெரியவில்லை. நான் செருப்புப் போட்டிருந்தேன். மரத்தடிக்குப் போகிறவரை அவன் காலை மாற்றி மாற்றித் தூக்கினான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். சாயங்காலம் பார்த்தால் ஒரு மூலையில் உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறான். கறுப்புத் தோல் உரிந்து உள்ளே சிவப்பாக இருந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு சீன ஆன்ட்டி. எனக்கும் அவளுக்கும் மலாய்தான் பொது மொழி, அதுவும் மார்க்கெட் மலாய். அவளிடம் காட்டினேன். அவள் உச்சுக்கொட்டிவிட்டு, “டூலு அங்கிள் டூக்கோங் மா” என்றாள். முன்பெல்லாம் அங்கிள் தூக்கிக்கொண்டுதான் போவார் என்கிறாள். நாயைக் கக்கத்தில் இடுக்கி, பேப்பரை இடுக்குவதுபோல, கார் நிறுத்துமிடம் முழுக்கத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில்தான் இறக்கிவிடுவாராம். அந்த ஆன்ட்டி கையை இடுக்கி நடந்தும் காட்டினாள். புளோக் முழுக்கப் பார்த்திருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை.

என்னால் தூக்க முடியாது. முட்டி இரண்டும் சொன்னபடி கேட்பதில்லை. பாஸும் ஒரு சின்ன அரிசி மூட்டை கனம் இருப்பான்.

லதா வந்து டாக்டரிடம் காட்டி, மருந்து போட்டு, கட்டுப்போட்டாள். அந்தக் கட்டு இருந்தவரை பழைய துடைப்புத்துணிகளை விரித்து லிப்ட் வாசலிலேயே அவனைக் கெஞ்சி ஒன்றுக்கு இருக்கவைத்தோம். அவனுக்கு அவமானமாக இருந்தது போலும், முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தான்.

“ரோட்டுல புறங்கையை வச்சுப் பாக்கணுமாம்மா. நம்ம கை தாங்கலைன்னா அதுக்கும் தாங்காதாம்,” என்றாள் லதா. அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். “இன்னொரு தடவை கால் வெந்துச்சுன்னா வேண்டாம்மா. உங்களாலயும் முடியல, அதுவும் கஷ்டப்படுது. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் நாயெல்லாம் பாத்துக்குறாரு. குடுத்துடலாம்லா.”

“ம்” என்றேன். என் பாதிப் பேச்சு அதுதான்.

கொடுத்துவிடலாம். எனக்கு நாய் மேல் ஆசை இருந்ததா என்று கேட்டால் அதுகூடத் தெரியாது. ஆனால் அந்த நேரம் வந்ததும் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்க வீட்டில் அவன் ஒருவன்தான் இருந்தான். நான்கூட நிற்கவில்லை. அவனும் போய்விட்டால் எங்கள் வீட்டில் அவரை யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள். அது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

லதா வாங்கித் தந்த ரப்பர் ஷூவை மாட்டிவிட்டேன். மாட்டியதும் பாஸ் சிலையாகிவிட்டான். ஒரு காலைத் தூக்கி, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், வாத்து மாதிரி ஒரு எட்டு வைத்துவிட்டுச் சோபாவுக்கு அடியில் புகுந்துகொண்டான். வெளியே வரும்போது நாலும் கழன்றிருந்தது, ஒன்றில் பாதியைக் காணோம். அப்புறம் நம்மவர்கள் கடைகள் இருக்கிற தேக்காவுக்குப் போய்க் குழந்தைகள் போடும் காலுறை வாங்கினேன். கடைக்காரப் பெண், “பேரனா பேத்தியாம்மா? எத்தனை மாசம்?” என்று கேட்டாள். நான் “நாய்” என்று சொல்ல வெட்கப்பட்டு, “பேரன், கொஞ்சம் பெரிய கால்” என்றேன். அந்தப் பெண் பாவம், அளவு தேடி அலமாரி முழுக்க இறக்கினாள். காலுறை லிப்ட் வரைகூட நிற்கவில்லை.

மிச்சம் இருந்தது புறங்கை வைத்துப் பார்ப்பது. அதிலும் எனக்குச் சங்கடம். இந்த முட்டியோடு கார் நிறுத்துமிடத்தில் குனிந்து ரோட்டைத் தடவினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அதைவிடச் செருப்பைக் கழற்றிவிட்டால் காலே சொல்லிவிடும், யாரும் கவனிக்கவும் மாட்டார்கள் என்று நினைத்தேன்.

கழற்றி வைத்ததும் பாதத்தில் சுள்ளென்று ஏறியது. அந்தச் சூட்டோடு அம்மா குரலும் வந்தது. “கோட்டு மேல நட.” சின்ன வயதில் தைப்பூசத்துக்கு அம்மா பால்குடம் எடுத்தாள். சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோட்டு முருகன் கோயில் வரை நடை. நான் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். தார் சுட்டு நான் துள்ளியபோது அம்மா குடத்தை அசைக்காமல், முகத்தைத் திருப்பாமல், அதைத்தான் சொன்னாள். கறுப்பில் நடந்தால் சுடும், வெள்ளைக்கோட்டில் நடந்தால் அவ்வளவு தெரியாது. அன்றைக்கு வெறுங்காலோடு நடந்தவர்கள் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. கோட்டின்மேல் எறும்பு மாதிரி வரிசையாகப் போனார்கள். தெருவோரத்தில் நின்றவர்கள் வாளி வாளியாக ரோட்டில் தண்ணீர் ஊற்றினார்கள். சூட்டுத் தாரில் தண்ணீர் விழுந்ததும் வரும் அந்த ஆவி வாசனை எனக்குப் பிடிக்கும்.

நான் கார் நிறுத்துமிடத்தின் வெள்ளைக்கோட்டில் காலை வைத்தேன். தாங்கியது. பாஸையும் அதில் இழுத்து நிறுத்தினேன். அவன் என் காலைப் பார்த்தான், கோட்டைப் பார்த்தான், நடந்தான். கார்களின் நிழல், அப்புறம் கோடு, மறுபடி நிழல். சிவப்புக்கோடும் உண்டு, அது சுடும். இரண்டொரு நாளில் அவனே கோடு பார்த்து நடக்கப் பழகிவிட்டான். என் கால் தாங்காத இடத்தில் நின்றுகொள்வேன், அவனும் நிழலில் நிற்பான். அந்தக் கட்டங்களில் எதை அவர் போட்டார், எதை வேறு யார் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. பிடோக்கிலும் வேலை செய்திருக்கிறார், அவ்வளவுதான் தெரியும்.

யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று நினைத்தேன் என்றேனே. முதல் நாளே சீன ஆன்ட்டி, “காசூட் மானா?” என்று பதறினாள். செருப்பு எங்கே என்று கேட்கிறாள். மறுநாள் என் வாசலில் ஒரு ஜோடி பச்சை பிளாஸ்டிக் செருப்பு இருந்தது. பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிட்டாள்போல.

எதிர் புளோக் சரோஜா வேறு மாதிரி நினைத்தாள். அவள் வாய் ஓயாதவள். வழியில் மறித்து, என் காலையே பார்த்து, குரலைத் தாழ்த்தி, “என்னக்கா, வேண்டுதலா? அண்ணனுக்காகவா?” என்றாள். இல்லை, நாய்க்காக என்று நீட்டிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டேன். அவ்வளவுதான். அன்றிலிருந்து கீழே உட்கார்ந்திருக்கிறவர்கள் நான் போகும்போது காலை மடக்கி வழிவிட்டார்கள். சரோஜா தன் பேத்திக்குப் பரீட்சை வருகிறது என்று கூட்டிக்கொண்டே வந்துவிட்டாள்.

“விரதத்துல இருக்கீங்க, உங்க வாயால நல்லா எழுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா.”

“நல்லா எழுது” என்றேன். அந்தப் பிள்ளை பாஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

இதில் பெரிய கஷ்டம் மீன். பாஸுக்குத் தினமும் செலார் மீன் அவித்து முள் எடுத்துச் சோற்றில் பிசைந்துபோடுவது வழக்கம். விரதத்தில் இருப்பவள் பிடோக் மார்க்கெட்டில் மீன் வாங்கினால் என்ன ஆவது? அதனால் ரயிலேறித் தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி, கறிவேப்பிலைக்கு அடியில் மறைத்துக் கொண்டுவந்தேன். திருடினவள்கூட அப்படி முழித்திருக்கமாட்டாள். ஒருநாள் மீன்கடையில் நின்று, “வால்பக்கமா குடுங்க” என்று சொல்லித் திரும்பினால் பக்கத்தில் சரோஜா.

அவள் என் கையைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள். கீழே என் காலையும் பார்த்தாள். தேக்காவுக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

“அக்கா!”

“நாய்க்கு” என்றேன்.

“மீனா?”

“எல்லாமே நாய்க்குத்தான்.” அங்கேயே, அந்த ஈரத் தரையில் நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வரும் நேரத்துக்குத்தான் அவன் எழுந்திருக்கிறான் என்பது, கால் வெந்தது, லதா கொடுத்துவிடலாம் என்றது, கோடு. என் ஆயுளிலேயே நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான். சரோஜா சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரித்தாள்தான், மூக்கைச் சிந்திக்கொண்டே.

“பொல்லாத ஆளுக்கா நீங்க. நான் உங்கள வச்சு எங்க வீட்ல எல்லாருக்கும் ஆசீர்வாதம் வாங்கிட்டேன். இப்ப திருப்பிக் குடுக்கவா?”

அடுத்த சனிக்கிழமை, லதா வருவதாகச் சொன்ன நாள். வழக்கமான நேரத்துக்கு நானும் பாஸும் இறங்கினோம். அன்று வெயில் ரொம்பக் கடுமை, நிறுத்தியிருந்த கார்களும் குறைவு, நிழலே இல்லை. கோட்டில்கூட என் கால் தாங்கவில்லை. பாஸ் புளோக் நிழலில் நின்று என்னைப் பார்த்தான். திரும்பிப் போய்விடலாமா என்று யோசிக்கும்போது எதிரே சரோஜா கையில் வாளியோடு வந்தாள். பின்னால் அவள் பேத்தி ஒரு பெரிய பாட்டிலோடு. சரோஜா கோட்டின்மேல் தண்ணீரைச் சரித்துக்கொண்டே நடந்தாள்.

“பாஸ் வர்றாரு, வழிவிடுங்க! பாஸுக்கு அரோகரா!”

கீழே உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் எழுந்து, நிஜமாகவே, “அரோகரா” என்றார். சீன ஆன்ட்டி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். எனக்கு வெட்கத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பாஸுக்கு அதெல்லாம் இல்லை. ஈரக்கோட்டில் கால் நனைய நனைய, மாப்பிள்ளை மாதிரி மரத்தடிக்குப் போனான். சூட்டுத் தாரில் தண்ணீர் விழுந்த அந்த வாசனை எழுந்தது.

திரும்பினால் லதா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. என் வெறுங்காலைப் பார்த்தாள். பாஸ் பக்கத்தில் குந்தி, ஒவ்வொரு பாதமாகத் தூக்கிப் பார்த்தாள். நாலையும் பார்த்து முடித்து,

“இருக்கட்டும்மா. உங்ககிட்டயே இருக்கட்டும்,” என்றாள். அப்புறம், “நீங்க செருப்பு போடுங்கம்மா, உங்க கால யாரு பாக்குறது?” என்று கொஞ்சம் கோபமாகச் சொன்னாள்.

அப்படி ரொம்ப நாள் போயிற்று. பாஸ் காத்திருப்பதும், நாங்கள் கோட்டில் நடப்பதும், வெயில் மீறிய நாளில் சரோஜா வாளியோடு வருவதும்.

பிறகு ஒரு காலையில், இன்னும் தெருவிளக்குகூட அணையவில்லை, சமையலறையில் நான் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தேன். என் காலில் ஏதோ ஈரமாகப் பட்டது. பாஸ் மூக்கு. கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு வந்து நின்றான். கதவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். போவோம் என்கிறான்.

கீழே போனோம். ரோடு குளிர்ந்து கிடந்தது. செருப்பைக் கழற்ற வேண்டிய வேலை இல்லை. பாஸ் கோட்டைப் பார்க்காமல் கறுப்பில் குறுக்கே ஓடினான். மரத்தடியில் வேலையை முடித்துக்கொண்டு வந்தான். அன்று வெயில் ஏறி அந்த நேரம் வந்தபோது அவன் மின்விசிறிக்கு அடியில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். லிப்ட் மணி அடித்தது. அவன் காது அசையவில்லை. கால் வேகாது, நல்லதுதான் என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் கொஞ்ச நேரம் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாஸ் வயதாகித்தான் போனான். தூக்கத்திலேயே. அதைப் பற்றியும் எழுத எனக்கு ஒன்றும் இல்லை. சரோஜா மகளோடு வேறு பேட்டைக்கு மாறிப் போய்விட்டாள். தூங்குமூஞ்சி மரத்தை உள்ளே உளுத்துவிட்டது என்று வெட்டிவிட்டார்கள். இப்போது எங்கள் புளோக்கிலிருந்து மார்க்கெட் வரைக்கும் நடைபாதைக்குக் கூரை போட்டுவிட்டார்கள். வெயிலும் படாது, மழையும் படாது. நல்ல வசதி. அதன் அடியில் பழுப்புத் தரை, எங்கேயும் கோடு இல்லை.

லிப்ட் கீழே வந்ததும் அந்தப் பெண் நாயோடு கூரைக்கு அடியில் போனாள். அந்தச் சிவப்பு ஷூ டப் டப் என்று தரையில் அடித்தது. நான் கூரையை விட்டு, கார் நிறுத்துமிடத்துப் பக்கமாக நடந்தேன். அவர் வரும் நேரம்தான் அது. கால் தானாகவே வெள்ளைக்கோட்டைத் தேடி ஏறியது. கொஞ்சத் தூரம் போனதும் கோட்டை விட்டுக் கறுப்பில் இறங்கிப் பார்த்தேன். சீன ஆன்ட்டி கொடுத்த பச்சைச் செருப்பு, நல்ல கனமான அடி. சூடு ஒன்றும் தெரியவில்லை.